கிறிஸ்டல் குரோனிக்கிள்ஸ்: வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவது எப்படி?

ஃபைனல் ஃபேண்டஸி கிறிஸ்டல் குரோனிக்கிள்ஸ் 2003இல் ஜப்பானிலும் 2004இல் மற்ற நாடுகளிலும் நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுக் கருவிக்கு வந்தது. ஃபைனல் ஃபேண்டஸி என்ற பெரிய வரிசையிலிருந்து பிரிந்த கிளை விளையாட்டு. உலகம் முழுக்க மியாஸ்மா என்ற நச்சுக்காற்று. ஊரைக் காக்கும் பளிங்குக்கு வருடத்துக்கு மூன்று துளி மிர் என்ற மரச்சாறு வேண்டும். அதைத் தேடி டீப்பா கிராமத்துப் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். குமி தனியோக்காவின் இசையும் ஊர்களின் வடிவும் என்னை இன்றும் இழுக்கின்றன.

ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் விளையாட வேண்டுமென்றால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேம்பாய் அட்வான்ஸும் (கையடக்க விளையாட்டுக் கருவி) அதற்கென்று தனிக் கேபிளும் இருக்க வேண்டும். சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவி தனி ஆட்டத்துக்கு மட்டும்தான். நல்ல விளையாட்டொன்றைப் பலர் தொடாமலே விட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் தங்கச்சியும் வெள்ளவத்தை வீட்டில் மூன்று வார இறுதிகளைச் செலவழித்துத்தான் இதை ஓடவைத்தோம்.

முதலில் சாமான்கள்

கேம்கியூப் தேடி அலைய வேண்டாம். அதற்குப் பிறகு வந்த நின்டெண்டோ கருவியான பழைய வீ போதும், விலையும் குறைவு. மேல்மூடியைத் திறந்தால் நான்கு கேம்கியூப் துளைகள் தெரிய வேண்டும். மாதிரி எண் ஆர்விஎல்-001. 2011க்குப் பிறகு வந்த சில வீக்களில் இந்தத் துளைகளே இல்லை. வீயின் உள் நினைவகத்தில் கேம்கியூப் ஆட்டங்கள் சேமிக்கப்படாது, அதனால் மெமரி கார்ட் கட்டாயம். 251 பிளாக் கார்டையே வாங்குங்கள், பிறகு இடப்பிரச்சினை வராது.

எங்களுக்கு வீ ரொறன்ரோவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, தட்டு லண்டனிலிருந்து மாமி அனுப்பியது. இரண்டும் சேரவில்லை. கனடா வீயில் ஐரோப்பியத் தட்டு ஓடாது. இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து எடுப்பியுங்கள். இன்னொன்று: கனடா வீயின் மின் அடாப்டர் 120 வோல்ட்டுக்குரியது. நம்முடைய 230 வோல்ட்டில் நேரே குத்தினால் அது எரிந்துவிடும். 230 வோல்ட் அடாப்டர் தனியாக வாங்குங்கள்.

கேபிள்

இரண்டு கேம்பாய்களை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் வேறு, இது வேறு. இதன் ஒரு முனை கேம்கியூப் துளைக்குள் போகும், எண் டிஓஎல்-011. கடையில் முதலில் தந்தது பிழையான கேபிள். நாங்களும் முனையைப் பார்க்காமல் வாங்கிவந்துவிட்டோம். கேம்பாயில் எந்தக் கார்ட்ரிட்ஜும் போடாமல் இயக்குங்கள். தேவையானதை வீயே அனுப்பும்.

மந்திரத்தைச் சேர்ப்பது

நாங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். விளையாட்டு இதைச் சரியாகச் சொல்லித் தருவதில்லை.

இதில் அனுபவப் புள்ளி, லெவல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு இடத்தின் முடிவிலும் ஆளுக்கொரு ஆர்ட்டிஃபாக்ட் (பலம் கூட்டும் பொருள்) எடுக்கலாம், பலம் அதனால்தான் கூடும். ஆகவே தொடக்கத்தில் உங்களைக் காப்பாற்றுவது மந்திரச் சேர்க்கை. இரண்டு ஃபயர் (நெருப்பு மந்திரம்) ஒன்றாக விழுந்தால் அதைவிடப் பலமான ஃபைரா.

நாங்கள் செய்த பிழை, அவரவர் தயாரானவுடன் மந்திரத்தை விட்டது. இரண்டு சின்ன நெருப்பு தனித்தனியே விழுந்தது, எதிரி அசையவில்லை. சரியான முறை இது. வழியில் பொறுக்கும் ஃபயர் மந்திரக் கல் இருவரிடமும் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். மெனு கேம்பாய்த் திரையில் திறக்கும்போது ஆட்டம் நிற்காது, அதனால் சண்டைக்கு முன்பே கல்லைக் கட்டளை வரிசையில் போட்டுவிடுங்கள். பிறகு ஏ பொத்தானை அழுத்திப் பிடித்தால் நிலத்தில் ஒரு வளையம் வரும். முதலாமவர் அதை எதிரியின் மேல் வைத்து, விடாமல் காத்திருக்க வேண்டும். இரண்டாமவர் தன் வளையத்தை அதன் மேலேயே கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் மட்டும் எண்ண வேண்டும். “ஒண்டு, ரெண்டு, விடு!” தங்கச்சி எண்ண, இருவரும் சேர்ந்து விடுவோம். இருவரும் எண்ணினால் பிந்திவிடுகிறது.

வளையம் பிடித்திருக்கும்போது நகர முடியாது, அடி வாங்கினால் கலைந்துவிடும். மியாஸ்மாவைத் தடுக்கும் கிண்ணத்தையும் யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். சுமப்பவர் சண்டை போட முடியாது. நான்கு பேருக்குப் பொருந்தும் இந்த ஏற்பாடு இரண்டு பேருக்குப் பெரிய தொல்லை. எதிரியிடம் ஓடாதீர்கள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிரியை அதைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வட்டத்துக்குள் இழுத்து வாருங்கள். விளையாட்டில் வரும் ரிவர் பெல் பாதையின் பெரிய நண்டை நாங்கள் இப்படித்தான் முதன்முதலாக வீழ்த்தினோம். அன்றிரவு தங்கச்சி போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார்.

சண்டை நடக்கும் இடத்தைவிட்டு வெளியேறினால் பொறுக்கிய கற்கள் மறைந்துவிடும். சேர்த்துவைக்க நினைக்காமல் பாவியுங்கள்.

புதுப் பதிப்பை ஏன் சொல்லவில்லை?

2020 ஆகஸ்ட் 27இல் வந்த ரீமாஸ்டரில் கேபிள் தொல்லை இல்லை. ஆனால் ஒரே அறையில் ஒரே திரையில் சேர்ந்து ஆட முடியாது, இணையம் வழியாக மட்டும்தான். மிர் துளியும் ஆட்டத்தை நடத்துபவருக்கே சேரும். இருவரும் முன்னேற ஒரே இடத்தை இரண்டு முறை முடிக்க வேண்டும். நான் பழையதையே சொல்வேன்.

பின்சேர்க்கை

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர், பிறகு வந்த கையடக்கக் கருவியான டிஎஸ் லைட்டில் கேம்பாய் கார்ட்ரிட்ஜ் போகிறதே, அதைப் பாவிக்கலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. டிஎஸ்ஸில் கேபிள் செருகும் துளையே இல்லை. மடித்து மூடும் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி நன்றாக வேலை செய்யும், திரைக்கு வெளிச்சமும் உண்டு. வாங்கும்போது கேபிள் துளைக்குள் டோர்ச் அடித்து வடிவாகப் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் கிடந்தவற்றில் பச்சை பிடித்திருக்கும்.