சுவிசேஷக் கதைகளில் வரும் வெளியாட்கள்: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் ஒரு புது ஆசிரியர் சீரோபேனிக்கியப் பெண்ணின் கதையை, பேய்பிடித்த மகளுக்காக இயேசுவிடம் கெஞ்சிய யூதரல்லாத தாயின் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அப்படியே. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேரா என்பது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் திருத்துவார்கள்.

மாற்கையும் மத்தேயுவையும் கலப்பது

மாற்கு 7-இல் அவள் கிரேக்கப் பெண். இயேசு தங்கியிருந்த வீட்டுக்கே வந்து காலில் விழுகிறாள். மத்தேயு 15-இல் அவள் கானானியப் பெண். பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள், சீஷர்கள் அனுப்பிவிடச் சொல்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "அந்த அம்மா வீட்டுக்குள்ள இருந்தாங்களா, ரோட்டுலயா?" என்று கேட்டாள். "உட்காரும்மா" என்றேன். கதையைக் கவனித்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அவளைத்தான் அடக்கினேன்.

கலந்தால் முதலில் காணாமல் போவது 'முந்தி' என்ற சொல். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று இயேசு அவளிடம் சொல்கிறார்; பிள்ளைகள் என்பது இஸ்ரவேலர், நாய்க்குட்டிகள் என்பது மற்றவர்கள். அதற்கு முன் வரும் "முந்திப் பிள்ளைகள் திருப்தியடையட்டும்" என்பது மாற்கில் மட்டுமே உண்டு. முந்தி என்றால் பிந்தியும் உண்டல்லவா? அந்த இடுக்கைத்தான் அவள் பிடித்துக்கொள்கிறாள்: மேசைக்குக் கீழே நாய்க்குட்டிகளும் தின்னுமே! அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகவே மகள் சுகமாகிறாள். மத்தேயுவில் 'முந்தி' கிடையாது. காணாமற்போன இஸ்ரவேல் ஆடுகளிடத்துக்கே அனுப்பப்பட்டேன் என்று கதவு இறுகச் சாத்தப்படுகிறது. கடைசியில் மெச்சப்படுவது விசுவாசம். கானான் என்பதும் இஸ்ரவேலரின் பழைய பகைவரின் பெயர். அதே மத்தேயுதான் முதல் அதிகாரத்திலேயே கானானியப் பெண்ணான ராகாபை இயேசுவின் வம்சத்தில் எழுதிவைத்தவர்.

அப்புறம் அந்த அப்பம். அவளுடைய பக்கத்து ஊர்களான தீருவும் சீதோனும் பிழைப்புக்கு ஏரோதின் தேசத்தை நம்பியிருந்தன என்கிறது அப்போஸ்தலர் 12:20. சாப்பாட்டுக்கு அண்டை தேசத்தை எதிர்பார்த்திருந்த ஊர்ப் பெண் துணிக்கை கேட்கிறாள். ஒரு ஞாயிறு மாற்கு, அடுத்த ஞாயிறு மத்தேயு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

சமாரியப் பெண்ணை வேசி என்பது

கிணற்றடியில் இயேசுவோடு பேசிய அவளுடைய கதை வரும் யோவான் 4-இல் அந்தச் சொல்லே இல்லை.

யூதர்களை வில்லனாக்குவது

வெளியாளைப் புகழும் நல்ல சமாரியன் கதையைச் சொன்ன இயேசுவும் யூதர், கேட்டவரும் யூதர். இயேசு எடுத்துக்காட்டிய வெளியாட்களான சாறிபாத் விதவையும் சீரியனாகிய நாகமானும் யூதர்களின் வேதத்திலிருந்தே வந்தவர்கள்.

சிலுவையடியில் நின்ற ரோமப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதிக்குப் பெயர் வைப்பது

மாற்கு வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.