அடைமழை வாரத்தில் நூற்பதும் பின்னுவதும் வாசிப்பதும்

ஐப்பசியில் கோவில்பட்டிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கரிசல் மண் காலை விடாது. வெளியே போகிற வேலை எதுவும் நடக்காது. அந்தச் சமயத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பது சில வருடங்களாக என் வழக்கம். பருத்தியிலிருந்து நூல் நூற்று, அந்த நூலில் ஒரு சதுரத் துணி பின்னி முடிக்க ஒரு வாரம் சரியாகப் போதும். நடுநடுவே நூல் தானாகக் கிடந்து ஆற வேண்டிய நேரங்கள் வரும். வாசிப்பை அந்த நேரங்களில் வைத்துக்கொண்டால் மூன்று வேலையும் ஒன்றையொன்று இடிக்காது.

மழைக்காலத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் பஞ்சு நன்றாக இழுபடும். சித்திரை வெயிலில் இதே பஞ்சு முழத்துக்கு மூன்று தடவை அறும்.

முதலில் பஞ்சு. மருந்துக் கடையில் சுருளாக விற்கும் வெள்ளைப் பஞ்சு வேண்டாம். வெளுத்ததில் அதன் மெழுகெல்லாம் போயிருக்கும், கையில் வழுக்கி ஓடாமல் மக்கர் செய்யும். தலையணைக்குப் போடும் இலவம்பஞ்சில் நூற்கவே முடியாது, அதன் இழை வழுவழுப்பாக இருப்பதால் ஒன்றையொன்று பிடிக்காது. காட்டிலிருந்து வந்த பருத்தி வேண்டும். எங்கள் பக்கத்துக் கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. இழை கொஞ்சம் குட்டை, ஆனால் கைக்கு நன்றாகப் பேசும். கொட்டையோடு 100 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 30 கிராம் பஞ்சு தேறும். நம் துணிக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டை நீக்க வேண்டும். தட்டையான கல்லின் மேல் பருத்தியை வைத்து, வழவழப்பான இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி விழும், பஞ்சு பின்னால் நிற்கும். கம்பி இல்லாவிட்டால் கையாலேயே பிய்க்கலாம். மருந்தடிக்காத பருத்தி என்று நிச்சயமாகத் தெரிந்தால் கொட்டையைத் தூர எறியாதீர்கள். இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினால் இரண்டு டம்ளர் பருத்திப்பால் கிடைக்கும். அந்த வாரத்தின் முதல் சந்தோஷம் எனக்கு அதுதான்.

பஞ்சைப் பூப்போல உதிர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடிக்கும் வில் இருந்தால் அதன் நரம்பைப் பஞ்சுக்குள் வைத்துச் சுண்டிவிட வேண்டும். என்னிடம் வில் இல்லை, நாய்க்கு முடி சீவும் கம்பிப் பிரஷ் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் பஞ்சை ஏற்றி மற்றதால் மெல்லச் சீவினால் தூசியும் முடிச்சும் போய்விடும். சீவிய பஞ்சைத் தட்டின் முதுகில் மெல்லிசாகப் பரப்பி, பின்னல் ஊசியை ஓரத்தில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஊசியை உருவிவிடுங்கள். ஒரு சாண் நீளத்துக்குத் திரி கிடைக்கும். இருபது திரி செய்து பழைய துணியில் சுற்றி வையுங்கள். அழுத்திக் கட்டக் கூடாது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நூற்பு. ராட்டை இருப்பவர்கள் ராட்டையில் நூற்கலாம். காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது உருவான பெட்டி ராட்டை, மூடினால் கைப்பெட்டி அளவுக்கு அடங்கிவிடும். பல கதிர்கள், அதாவது சுழன்று நூலை முறுக்கும் தண்டுகள், கொண்ட அம்பர் ராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர், அந்தப் பெயரில் இருக்கும் ‘அம்பர்’ அவருடையதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தக்களி போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சாண் தண்டு, அடியில் சிறு வட்டத் தகடு, நுனியில் கொக்கி, அவ்வளவுதான். என் அப்பா 1950களில் பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் தக்களி சுற்றியவர். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

சம்மணம் போட்டு உட்காருங்கள். மடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் வெள்ளை இழை தெளிவாகத் தெரியும். தக்களியின் அடி நுனியைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்துங்கள், ஓடிப்போகாமல் சுழலும். ஏற்கெனவே நூற்ற நூல் ஒரு முழம் எடுத்துத் தண்டில் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் முனையைத் திரியின் பஞ்சோடு மூன்று விரற்கடை சேர்த்துப் பிடியுங்கள். வலது கை விரல்களால் தண்டைச் சுண்டுங்கள். முறுக்கு ஏறி இழை பஞ்சைப் பிடித்துக்கொண்டதும், இடது கையை மெல்ல மேலே கொண்டுபோங்கள்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவோம். நான் திரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தபோது அப்பா சொன்னது: “ஏம்மா, பிடிக்காத. கோழிக்குஞ்ச வச்சிருக்க மாதிரி வச்சிரு. பஞ்சு தானா வரும்.” அப்படித் தளர்த்தியதும் வந்தது. இழையில் தடித்த இடம் தென்பட்டால் பதற வேண்டாம். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்குத்தான் முதலில் ஓடும், தடித்த இடத்தில் முறுக்கு குறைவாக இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் இழுத்தால் அந்தத் தடிப்பு நீண்டு சமமாகிவிடும். சமமானதும் இன்னும் நாலு சுண்டு சுண்டி முறுக்கை உறுதியாக்கி, கொக்கியிலிருந்து விடுவித்து, தண்டின் அடியில் சுற்றுங்கள். இழை நழுவிப் பிரிந்தால் முறுக்கு போதவில்லை என்று அர்த்தம். குட்டை இழைப் பருத்திக்கு நாம் நினைப்பதைவிடக் கூடுதல் முறுக்கு வேண்டும். விரல் வழுக்கினால் சாக்பீஸ் தூள் தொட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கு 25 மீட்டர் வந்தால் தொடக்கத்துக்கு நல்ல வேகம். மூன்று நாளில் 100 மீட்டர் தேவை, அதனால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் தோள்பட்டை கேட்காது.

நூற்கும்போது கண்ணும் இரண்டு கையும் வேலையில் இருக்கும், புத்தகம் பிடிக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அப்பா வாசிப்பார், நான் கேட்பேன். தமிழாசிரியராக இருந்தவர், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். ஒருநாள் கதையை மூடி வைத்துவிட்டு நன்னூல் பாயிரத்துக்குப் போய்விட்டார். அங்கே பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சு என்கிறார், புலவரை நூற்கும் பெண் என்கிறார். கைக்குப் பதில் வாய், கதிருக்குப் பதில் அறிவு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் மதிப்பெண். கையில் கதிர் சுழலும்போது கேட்டால், பவணந்தி யாரோ நூற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

வியாழக்கிழமை இரட்டை முறுக்கு. இதை விட்டுவிட நினைக்காதீர்கள். முதல் வருடம் நான் ஒற்றை இழையிலேயே பின்னினேன், துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணல் சதுரமாக நின்றது. நூலை இரண்டு உருண்டையாகப் பிரித்து, உருண்டு ஓடாமல் தனித்தனிச் சொம்பில் போடுங்கள். இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, இந்தத் தடவை தக்களியை எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். வலப்பக்கம் நூற்றிருந்தால் இடப்பக்கம். ஒரு முழம் நூலை வளைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், தன்மேல் சுருளாமல் திறந்து தொங்கினால் முறுக்கு சரி.

அப்புறம் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வேகவைக்க வேண்டும். சமைக்காத பழைய பாத்திரம், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் துணி சோப்புச் சீவல். சிறு தீயில் ஒரு மணி நேரம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பருத்தியின் மெழுகும் அழுக்கும்தான் அது. வேகவைக்காத நூலில் பின்னிய துணி, சேம்பு இலைபோலத் தண்ணீரை உருட்டிவிடும், ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. தெளிந்த தண்ணீரில் அலசி, சிட்டத்தின் அடியில் தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டிலைத் தொங்கவிட்டு மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். மழையில் காய ஒன்றரை நாளாவது ஆகும்.

அந்த ஒன்றரை நாளும் புத்தகத்துக்கு. வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஊசியைத் தொடுவதில்லை. அரை ஈரத்தில் பின்னினால் துணி பிறகு இழுபட்டு உருக்குலையும். அதனால் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய தடித்த நாவலை இந்த நாளுக்கென்றே ஒதுக்கி வைப்பேன்.

சனிக்கிழமை பின்னல். கடையில் 10ஆம் நம்பர் ஊசி கேளுங்கள், அது 3.25 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது, பருத்தி நூல் அதில் நழுவாது. ஊசியில் 36 கண்ணி, அதாவது நூல் வளையம், போடுங்கள். எல்லா வரிசையும் நிட் என்னும் நேர்ப் பின்னல் மட்டும், பர்ல் என்னும் புரட்டுப் பின்னல் வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றினால் ஓரம் சுத்தமாக வரும். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். எத்தனை கண்ணியோ அத்தனை மேடு வந்தால் சதுரம், ஆக 36 மேடு. சுமார் 16 சென்டிமீட்டர் துணிக்கு 40 மீட்டர் இரட்டை நூல் போகும். கம்பளிபோலப் பருத்திக்கு நெகிழ்வு கிடையாது, ஆகவே இறுக்கிப் பின்னினால் மணிக்கட்டு வலிக்கும். கடைசி வரிசையைத் தளர்வாக முடியுங்கள்.

பத்து மேடு தாண்டியதும் விரல் தானாக நடக்கும். அப்போது புத்தகத்தை மடியில் விரித்து, பக்கத்தின் இரு ஓரத்திலும் துணிக் கிளிப் மாட்டி, பின்னிக்கொண்டே வாசிக்கலாம். பக்கம் திருப்புவதை வரிசை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கையை எடுத்தால் கண்ணி நழுவும்.

ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும். மிச்ச நூலில் ஒரு முழத்தைத் தக்களியிலேயே கட்டி வையுங்கள், அடுத்த ஐப்பசியில் முதல் திரியைக் கோக்க அது வேண்டும்.