வேகக் காருக்கு விண்டர் டயரா, ஆல்-சீசனா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. அங்கேதான் இந்தக் குழப்பமே.

பார்க்க வேண்டியது பனியை அல்ல, வெப்பநிலையை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆல்-சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். ஈரச்சாலையில்கூடப் பிடி குறையும். காரோடு வந்தது சம்மர் டயர் என்றால் கடுங்குளிரில் ஓட்டவே கூடாது, ரப்பரில் விரிசல் விழலாம். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்+எஸ்' எழுத்து மட்டும் போதாது. அந்த எழுத்தைப் போட டயர் பனிச்சோதனையில் தேற வேண்டியதில்லை.

19 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18 போட்டு, டயரின் மொத்த விட்டத்தை மாற்றாமல் வைப்பது நல்லது. பக்கச்சுவர் உயரும், குழியில் ரிம் எளிதில் வளையாது. ஆனால் பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சிறிய சக்கரத்தில் இடிக்கலாம். வாங்குமுன் மாட்டிப் பார்த்துவிடுங்கள். பின்சக்கர இழுவை என்று பின்னால் மட்டும் இரண்டு போடுவது வீண் சிக்கனம்: முன்பக்கம் திரும்பாது, நிற்காது. நான்கும் மாற்றுங்கள்.

டயரில் உள்ள வேகக் குறியீடு எச் (H) என்றால் மணிக்கு 210 கிமீதான் உச்சம். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். காலையில், டயர் சூடாகுமுன் அளவெடுங்கள். பள்ளம் 4 மிமீ-க்குக் கீழே தேய்ந்தால் பனிக்கு உதவாது.