வாழைப்பழத் தோலில் தனிமங்களைத் தேடுவது எப்படி?

பள்ளியில் அணு என்றதும் சுவரில் 118 கட்டங்கள் கொண்ட அட்டவணையைத் தொங்கவிடுவார்கள். பாதிப் பேருக்கு வேதியியல் கசந்துபோவது அங்கேதான். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் உயிருள்ள ஓர் உடம்பை உண்டாக்க அந்த 118இல் சுமார் 25 தனிமங்கள் இருந்தாலே போதும். அவற்றில் சிலவற்றை வாழைப்பழத் தோலிலிருந்து நாமே பிரித்துப் பார்க்கலாம்.

தேவையானவை: ஆறேழு பழத்தோல், சமையலுக்கு இனி வேண்டாத இரும்பு வாணலி, எவர்சில்வர் தட்டு, கண்ணாடி டம்ளர், வெள்ளைத் துணி, மஞ்சள்தூள், அரை மூடி எலுமிச்சை. வேலையை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளுங்கள், புகை அதிகம் வரும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஒரே வகை அணுக்களால் ஆன பொருள்தான் தனிமம். எந்த வகை என்பதை அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. 6 என்றால் கார்பன், 7 நைட்ரஜன், 8 ஆக்சிஜன், 19 பொட்டாசியம். அடுப்புத் தீயால் இந்த எண்ணிக்கையை அசைக்க முடியாது. எந்த அணு எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் தீ மாற்றும். ஆகவே தோலை எரித்தால் எதுவும் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. எது எங்கே போகிறது என்று பின்தொடர்வதுதான் நம் வேலை.

படி 1: காயவைத்தல்

தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி எடை போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் போடுங்கள். கையில் எடுத்தால் சருகுபோல நொறுங்க வேண்டும். மறுபடி எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கோ, அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் மிஞ்சியிருக்கும். போனதெல்லாம் தண்ணீர், அதாவது இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு.

படி 2: கருக்குதல்

காய்ந்த துண்டுகளை வாணலியில் போட்டு, தட்டில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதையே மூடியாக வையுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். சில நிமிடங்களில் தட்டை இடுக்கியால் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பழுப்பேறிய துளிகள் ஒட்டியிருக்கும்.

காய்ந்த தோலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெயிலுக்குத் தப்பிய ஈரம் கொஞ்சம் இருக்கும், சரி. ஆனால் ஈரமே இல்லாமல் உலர்த்திய தோலைக் கருக்கினாலும் துளி வரும். தோலின் நார் செல்லுலோஸால் ஆனது. அதில் கார்பனோடு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. சூட்டில் இந்த இரண்டும் கார்பனை விட்டுப் பிரிந்து, தங்களுக்குள் சேர்ந்து தண்ணீராகின்றன. நாரில் தண்ணீர் இல்லை, தண்ணீராகக்கூடிய அணுக்கள் இருந்தன. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதி எளிது.

வாணலியில் கறுப்பாக மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு கார்பன். சோறு அடிப்பிடித்தாலும் தோசை கருகினாலும் நாம் பார்ப்பது இதைத்தான். ஓர் அணுவால் நான்கு பிணைப்புகள் வைத்துக்கொள்ள முடிவதால் கார்பன் சங்கிலியாகவும் வளையமாகவும் நீளும். சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு அதுதான்.

படி 3: சாம்பலாக்குதல்

இப்போது மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டி, கரி வெளுத்துச் சாம்பலாகும்வரை கிளறுங்கள். பொறுமை வேண்டும். கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போய்விடும். வாழை இலை அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது, மண்ணிலிருந்து அல்ல. கடைசியில் மிஞ்சுவது ஒரு தேக்கரண்டி அளவுச் சாம்பல். மண்ணிலிருந்து வேர் எடுத்ததில் எரிந்து போகாத மிச்சம் இது.

படி 4: மஞ்சள் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆறிய சாம்பலைக் கால் டம்ளர் தண்ணீரில் கலக்கி, பத்து நிமிடம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கண்ணாடி டம்ளர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றிவைத்து, அதன் அடி கறுத்துப்போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வடித்த நீர் நல்ல காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்டது), கண்ணில் பட விடாதீர்கள். கையில் பட்டால் உடனே கழுவுங்கள்.

இந்த நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போடுங்கள். சட்டென்று செம்மை ஏறும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் இங்கே காரத்தன்மைக்கு முக்கியக் காரணம் பொட்டாசியம் கார்பனேட், அதாவது பொட்டாசியமும் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. அசாமில் வாழைத்தோல் சாம்பலில் இப்படி வடித்த நீரைக் ‘கார்’ என்று சொல்லி, தலைமுறைகளாகச் சமையலில் சேர்க்கிறார்கள். 1807இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இந்த வகைச் சாம்பல் உப்பிலிருந்து தயாரித்த பொருளை உருக்கி, மின்சாரம் பாய்ச்சித்தான் பொட்டாசியத்தை முதன்முதலில் தனியாகப் பிரித்தார். நடுத்தர அளவு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நரம்பில் செய்தி ஓடவும் தசை சுருங்கவும் அது வேண்டும்.

அப்புறம், எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். உற்றுப் பார்த்தால் சிறு குமிழிகளும் தெரியும், அது கார்பனேட்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயு.

படி 5: பிடிபடாதவை

நைட்ரஜனைப் புகையோடு தவறவிட்டோம். சீப்பில் சிக்கிய ஒரு முடியைச் சுடரில் காட்டுங்கள். அந்த நாற்றத்துக்குக் காரணம் முடியின் புரதத்திலுள்ள நைட்ரஜனும் கந்தகமும். முட்டையை அதிக நேரம் வேகவைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருமே, அது கந்தகமும் இரும்பும் சேர்ந்தது. உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவது சோடியத்தால். பாஸ்பரஸுக்கு வீட்டில் எளிய சோதனை கிடையாது. 1669இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி அதைச் சிறுநீரைக் காய்ச்சிக் கண்டுபிடித்தார். தயவுசெய்து முயற்சிக்க வேண்டாம்.

இதே கணக்கை நம் உடம்புக்குப் போட்டால், 60 கிலோ எடையுள்ளவரிடம் ஆக்சிஜன் ஏறத்தாழ 39 கிலோ, கார்பன் 11, ஹைட்ரஜன் 6, நைட்ரஜன் 2. கால்சியம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரும்பு மூன்று நான்கு கிராம்தான், ஒரு சின்ன ஆணி அளவு.

துணியில் மிஞ்சிய சாம்பலைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து ரோஜாத் தொட்டியின் ஓரத்தில் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மண்ணில் காரம் ஏறிவிடும்.