செக் பிளைட்டுக்குப் போற தம்பிமாருக்கு: நான் விட்ட பிழையளை நீங்களும் விடாதேங்கோ

லீவில ஊருக்கு வந்து, தருமபுரத்தில மச்சான்ர கராச் வாங்கில இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருக்கேக்க எங்கட பக்கத்துத் தம்பி ஒருத்தன் போன் எடுத்தவன். வெளிநாட்டில கோ-பைலட்டாச் சேந்து ரெண்டு வருசம், முதல் செக் பிளைட் இப்பதான் போட்டு வந்தவனாம். "அண்ணை, ஒரு ஐட்டம் மேல தவறிப்போச்சு, பேந்து இறங்கேக்க செய்து முடிச்சிட்டம்" எண்டு பெருமையாச் சொல்றான். எனக்கு ரீ தொண்டைக்குள்ள நிண்டுட்டுது. 12 வருசத்துக்கு முன்னம் நான் விட்டதும் அச்சொட்டா உதேதான்.

தெரியாத ஆக்களுக்கு: பெரிய பராமரிப்பு முடிஞ்ச பிளேனைப் பயணியள் இல்லாமல் மேல கொண்டுபோய், கழட்டிப் பூட்டினதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறதுதான் செக் பிளைட். ஆக்கள் இல்லைத்தானே, லேசான வேலை எண்டு நினைப்பியள். நாளாந்தப் பறப்பில கை தன்பாட்டில போகும், எது எப்ப வரும் எண்டு உடம்புக்கே தெரியும். இதில அந்தத் தாளம் இல்லை. ஒண்டை நிப்பாட்டு, ஒண்டை ஓன் பண்ணு, நம்பரை எழுது, அதுக்கிடையில ரேடியோ கூப்பிடும், பின்னால எஞ்சினியர் "இன்னொருக்கா வாசியுங்கோ" எண்டுவார், பிளேனை ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது எண்ட கேள்வி அப்பிடியே காணாமல்போயிடும்.

நல்லா நித்திரை கொள்ளுங்கோ, செக்லிஸ்ட் வாசியுங்கோ எண்டெல்லாம் நான் எழுதமாட்டன். 1972 இல மயாமிக்குக் கிட்ட ஒரு பல்ப் எரியேல்லை எண்டு எல்லாரும் அதையே பாத்துக்கொண்டிருந்து சதுப்புக்குள்ள விழுந்த கதையும் உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலயே சொல்லியிருப்பினம். கீழ தலைப்பா நிக்கிறது ஒவ்வொண்டும் விடக்கூடாத பிழை.

அசையுதா எண்டு மட்டும் பாக்கிறது

ஸ்ரிக்கைத் திருப்பினா இறக்கைத் தகடு எந்தப் பக்கம் அசையுது எண்டு பாக்கோணும். 2001 மார்ச்சில பிராங்பேர்ட்டில லுப்தான்சா ஏ320 ஒண்டு, பராமரிப்பில வயர் மாறிப் பூட்டுப்பட்டு, கப்டன் வலப்பக்கம் திருப்ப பிளேன் இடப்பக்கம் சரிஞ்சது. கோ-பைலட்டின்ர பக்கம் சரியா இருந்தபடியா அவர் ஓட்டத்தைத் தன்ர கையில வாங்கித் தப்பினவை. ஓடுபாதைக்குப் போகேக்க செக் செய்தவைதான், அசைஞ்சது, சரி எண்டு விட்டிட்டினம். 2018 நவம்பரில போர்த்துக்கல்லில எயார் அஸ்தானா எம்பிரேயருக்கும் அதே கதை, இறக்கைக் கேபிள் மாறிப் பூட்டினது. பேஜா எண்ட இடத்தில இறக்கி முடிக்கிறதுக்குள்ள ஆறு பேருக்கும் உயிர் போய் வந்திருக்கும்.

வாயால வேலை சொல்றது

எழுதிக் குடுங்கோ. 2009 ஜனவரியில இங்கிலாந்தில ஈசிஜெட் 737 ஒண்டு, பைலட் வாயால சொன்னதை பராமரிப்புப் பக்கம் மாறி விளங்கி, வால் தகட்டை எதிர்ப்பக்கத்துக்குச் சரிசெய்து, பேந்து செக் பிளைட்டில ஹைட்ரோலிக்கை (தகடுகளை அசைக்கிற எண்ணெய் அழுத்தத்தை) நிப்பாட்டினவுடன மூக்கைக் குத்திக்கொண்டு ஏறக்குறைய 9000 அடி விழுந்து நிமிந்தது.

"வந்தனாங்கள்தானே, இதையும் பாத்திடுவம்"

இதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம் வாற பிழை.

2008 நவம்பர் 27, பிரான்சின்ர பெர்ப்பிஞான். எக்ஸ்எல் ஜேர்மனி எண்ட கம்பனி குத்தகைக்கு எடுத்த ஏ320 ஐ எயார் நியூசிலாந்துக்குத் திருப்பிக் குடுக்க முதல் ஒரு செக் பிளைட். கொன்ட்ரோல்காரர் "உங்கட பறப்புத் திட்டம் சாதாரணப் பறப்பு, இந்த இடத்தில சோதினை விளையாட்டு ஏலாது" எண்டிட்டினம். அப்ப செய்யவேண்டிய ஐட்டங்கள் பிந்திக்கொண்டே போச்சு. வேகத்தைக் குறைச்சா பிளேன் தானே காப்பாத்துதோ எண்டு பாக்கிற, 14,000 அடியில செய்யவேண்டிய சோதினையை, இறங்கவெண்டு வரேக்க, கிட்டத்தட்ட 3000 அடியில செய்தவை.

அதுக்கு மூண்டு நாளுக்கு முன்னம் பிளேனைத் தண்ணி அடிச்சுக் கழுவேக்க காத்து எந்தக் கோணத்தில பிளேனில படுகுது எண்டு அளக்கிற சென்சருகளை மூடேல்லை. எங்கட சேர்விஸ் ஸ்டேசனில மோட்டச்சைக்கிள் கழுவுற பெடியனே சைலன்சர் வாயைச் சொப்பிங் பாக்கால அடைச்சிட்டுத்தான் தண்ணி அடிப்பான்! உள்ள போன தண்ணி மேல உறைஞ்சு, மூண்டு சென்சரில ரெண்டு ஒரே இடத்தில இறுகிப்போச்சு. கம்ப்யூட்டர் ரெண்டும் ஒத்துச் சொல்லுதெண்டு நம்பி, உண்மை சொன்ன மூண்டாவதைத் தள்ளிப்போட்டுது. பிளேன் தானே காப்பாத்தும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேகம் விழுந்துகொண்டே போச்சு. கடைசியா உந்துவிசையைக் கூட்டினா, மூக்கு மேல தூக்கினபடி ட்ரிம் (மூக்கை மேல கீழ பிடிச்சு வச்சிருக்கிற வால் அமைப்பு) நிக்குது, பிளேன் மூக்கை இன்னும் தூக்கிக்கொண்டு எழும்புது. ட்ரிம் சில்லைக் கையால திருப்பச் சொல்லித் திரையில எழுத்து வந்தது, ஒருத்தரும் திருப்பேல்லை. கடலுக்குள்ள. ஏழு பேரும் போச்சினம்.

14,000 அடியில செய்திருந்தா நிமித்த இடம் இருந்திருக்கும், பிளேனும் பிழை எண்டு தெரிஞ்சிருக்கும், சோதினை எண்டா அதுக்குத்தானே.

என்ர கதை இவ்வளவு பெரிசில்லை. மேல ஏபியு (வாலுக்குள்ள இருக்கிற சின்ன எஞ்சின்) ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிற ஐட்டம் ஒண்டு நெரிசலில தவறிப்போச்சு. கப்டன் "இறங்கேக்க பாப்பம், திரும்ப ஏறினா எண்ணெய்க் காசு" எண்டார், நானும் ஓமெண்டிட்டன். அவர் கையால ஓட்டுறார், நான் மடியில சோதினை ஐட்டங்கள் இருக்கிற கார்ட்டை வச்சு நம்பர் எழுதுறன். கொன்ட்ரோல் 8000 அடிக்கு இறங்கச் சொன்னது. வாயால வடிவா எண்ணாயிரம் எண்டு திருப்பிச் சொன்னன், கை 6000 ஐ வச்சிருக்கு! ஏனெண்டா கார்ட்டில அடுத்த வரியில பேனை நுனி நிண்ட இடத்தில 6000 எண்டு இருந்தது. பின்னால இருந்த எஞ்சினியர்தான் "எட்டெண்டுதானே சொன்னவை?" எண்டு கேட்டவர், அப்ப நாங்கள் 7400. கீழ ஒரு பிளேனும் வரேல்லை, அவ்வளவுதான். பிறகு விசாரணை, மூண்டு கிழமை தரையில, கப்டன் என்னோட கதைக்கிறேல்லை. மிச்சம்பிடிச்ச எண்ணெயைவிட அது எத்தினை மடங்கு.

ஐட்டம் தவறினா தவறினதுதான். "செய்யேல்லை" எண்டு எழுதிப்போட்டு இறங்குங்கோ, நாளைக்குத் திருப்பி ஏறலாம். தம்பிக்கும் இதைத்தான் சொன்னன், "அண்ணை, கம்பனி ஏசாதோ" எண்டு கேக்கிறான். ஏசட்டும்.

ரெண்டுபேரும் கார்ட்டைப் பாக்கிறது

ஒராள் ஓட்டோணும். ஓட்டுறவருக்கு வாசிக்கக் குடுக்காதேங்கோ.

ரேடியோவுக்கு உடன பதில் சொல்றது

"பொறுங்கோ" எண்டு சொல்லலாம், அதுக்கு ஒருத்தரும் அடிக்கமாட்டினம். நாங்கள் பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள பாய்ஞ்ச ஆக்கள், ஆராவது கூப்பிட்டாப் பதறுற பழக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கூட. அம்மம்மா நான் பைலட் எண்டதை இன்னும் வெளியில சொல்றேல்லை.

சும்மா ஆக்களை ஏத்துறது

ஏத்தாதேங்கோ. இதை எழுதிக்கொண்டிருக்கவே மச்சான்ர பெடியள் பிறேக் கட்டை மாத்தின ட்ரக்டரைப் பெட்டியும் கொழுவி, பெட்டிக்குள்ள நாலு பேரும் ஏறி, ஓட்டுறவன் காதில போனையும் வச்சுக்கொண்டு றோட்டுக்கு எடுக்கிறாங்கள். இருங்கோ, இறக்கிப்போட்டு வாறன்.