செய்யாத தப்புக்குத் தண்டனை: போர்டிங் ஸ்கூல் நாவல்களைக் கூர்ந்து படிக்க ஒரு செய்முறை

பெண்கள் போர்டிங் ஸ்கூல் கதைகள் என்றதும் நள்ளிரவு விருந்தும் தோழிகளின் கலாட்டாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது வேறு. எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண், எல்லோரும் பார்க்க நிறுத்தப்பட்டிருக்கும் காட்சி. பழைய ஆங்கில நாவல்களில் இது திரும்பத் திரும்ப வரும். மனசு கொதிக்க, பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடுவோம். அப்படித் திருப்பாமல் நின்று படிப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஒரு நாவல், ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும்.

படி 1: மூன்றே அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள்

சார்லட் பிராண்டே எழுதி 1847-ல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் தொடங்குங்கள். மொத்தம் 38 அத்தியாயங்கள், ஆனால் நமக்கு இப்போது 6, 7, 8 மட்டும் போதும். அப்பா அம்மா இல்லாத ஜேன், லோவுட் என்ற தர்மப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அங்கே கிடைக்கும் தோழி ஹெலன் பர்ன்ஸ்.

லோவுட் வெறும் கற்பனை இல்லை. இங்கிலாந்தின் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரில், பாதிரியார்களின் மகள்களுக்காக நடந்த பள்ளியில் 1824-ல் பிராண்டே சகோதரிகள் நான்கு பேர் சேர்க்கப்பட்டார்கள். மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் நோயோடு வீடு திரும்பி, 1825-ல் சில வார இடைவெளியில் காசநோயால் இறந்தார்கள். மரியாவுக்கு 11 வயது, எலிசபெத்துக்கு 10. அந்த மரியாவின் சாயலில்தான் ஹெலனைச் சார்லட் படைத்தார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தப் பக்கங்களில் கோபம் ஏன் இத்தனை வருடம் கழித்தும் ஆறாமல் இருக்கிறது என்பது புரியும்.

படி 2: நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள்

இடது பக்கம், தண்டிப்பவர் சொல்லும் குற்றம். வலது பக்கம், உண்மையில் நடந்தது.

ஆறாம் அத்தியாயத்தில் ஹெலனிடம் ஸ்காட்சர்ட் டீச்சர் கத்துகிறார், நகத்தைச் சுத்தம் செய்யவில்லையாம். இடது பக்கம் அதை எழுதுங்கள். அன்று காலை ஜாடியில் இருந்த தண்ணீர் உறைந்து கட்டியாகிவிட்டது, அதனால் யாருமே முகம் கழுவவில்லை. அது வலது பக்கம். குச்சிக் கட்டால் கழுத்தில் ஒரு டஜன் அடி வாங்குகிறாள் ஹெலன். தண்ணீர் உறைந்துவிட்டது என்று ஏன் சொல்லவில்லை என ஜேன் தவிக்கிறாள். நாமும் தவிக்கிறோம். வாசகருக்குத் தெரிந்த உண்மை தண்டிப்பவருக்குத் தெரியாது, அல்லது தெரிய வேண்டிய அக்கறை அவருக்கு இல்லை. இந்தக் காட்சிகளின் விசையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட் வருகிறார். மாணவிகளின் கூந்தலை வெட்டச் சொல்லி உபதேசம் செய்துகொண்டிருக்கும்போதே, அவருடைய மனைவியும் மகள்களும் பட்டும் வெல்வெட்டும் உடுத்தி, சுருட்டிவிட்ட முடியோடு உள்ளே நுழைகிறார்கள். முகத்தை மறைக்க ஜேன் தூக்கிப் பிடித்திருந்த சிலேட்டு கை நழுவி உடைகிறது. அவ்வளவுதான். அவளை உயரமான ஸ்டூலில் ஏற்றி, இவள் பொய்க்காரி, இவளோடு யாரும் சேரக் கூடாது என்று பள்ளி முழுக்கக் கேட்க அறிவிக்கிறார். இடது பக்கம் 'பொய்க்காரி'. வலது பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. இதற்கு ஆதாரம், அவளைப் பிடிக்காத அத்தையின் வாய்ச்சொல் மட்டும். அந்தக் காலியிடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 3: பக்கத்தில் யார் என்று தேடுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமான படி இதுதான். தண்டிக்கப்படுபவளையும் தண்டிப்பவரையும் மட்டும் பார்த்தால் காட்சியில் பாதி தவறிப்போகும்.

ஜேன் ஸ்டூலில் நிற்கும்போது ஹெலன் ஏதோ ஒரு சின்னச் சந்தேகம் கேட்கிற சாக்கில் அந்தப் பக்கமாகப் போகிறாள். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஜேனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அந்த நேரத்தில் ஹெலனின் கையிலேயே 'ஒழுங்கற்றவள்' என்ற அட்டை கட்டியிருக்கிறது. நோட்டில் மை சிந்தியதற்காக மறுநாள் மதியம் ரொட்டியும் தண்ணீரும் மட்டும்தான் என்று அவளுக்கும் தீர்ப்பாகியிருக்கிறது. தானே தண்டனையில் இருக்கிறவள் இன்னொருத்திக்குத் தெம்பு கொடுக்கிறாள். முதல் தடவை படித்தபோது இந்த அட்டையை நான் கவனிக்கவே இல்லை. பென்சிலால் கோடிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

படி 4: களங்கம் எங்கே துடைக்கப்படுகிறது?

எட்டாம் அத்தியாயத்தில் டெம்பிள் டீச்சர், ஜேனின் கதையைப் பொறுமையாகக் கேட்கிறார். அவள் சொன்னது உண்மையா என்று அவளை அறிந்த லாயிட் என்பவருக்குக் கடிதம் எழுதி விசாரிக்கிறார். பதில் வந்ததும் பள்ளி முழுவதையும் கூட்டி, ஜேன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அறிவிக்கிறார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் போன மானம் எல்லோர் முன்னாலும்தான் திரும்ப வர வேண்டும். எந்த நாவலைப் படித்தாலும் இதைக் கேளுங்கள்: குற்றம் சாட்டியது எத்தனை பேர் முன்னால், நீக்கியது எத்தனை பேர் முன்னால்?

படி 5: இரண்டாவது பெண்ணை விட்டுவிடாதீர்கள்

ஜேனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது, சரி. ஹெலனுக்கு? அதே அத்தியாயத்தில், 'அழுக்குப் பிடித்தவள்' என்று எழுதிய அட்டையை ஸ்காட்சர்ட் அவள் நெற்றியில் கட்டிவிடுகிறார். சாயங்காலம் வரை ஹெலன் அதைச் சுமக்கிறாள். ஜேன் ஓடிப்போய் அதைப் பிய்த்து நெருப்பில் போடுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் ஹெலன் இறந்துபோகிறாள். அவளுக்காக யாரும் பள்ளியைக் கூட்டவில்லை.

இதே கண்ணோடு ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'எ லிட்டில் பிரின்சஸ்' படியுங்கள், 1905-ல் வந்தது. அப்பா இறந்து பணமும் போய்விட்டது என்று தெரிந்த அன்றே, சாராவை மின்சின் அம்மையார் மாடி அறைக்குத் தள்ளி வேலைக்காரி ஆக்குகிறார். ஏழையானதே குற்றம். கடைசியில் சாராவுக்குச் சொத்து திரும்பக் கிடைக்கிறது. ஆனால் அதே மாடியில், பக்கத்து அறையில் பெக்கி இருக்கிறாள். சமையல்காரி எடுத்த இறைச்சிப் பணியாரத்தின் பழி அவள் மேல் விழுந்து அறை வாங்குகிறாள். பெக்கி திருடவில்லை என்று பள்ளியைக் கூட்டி யாரும் சொல்வதில்லை. அவள் சாராவின் பணிப்பெண்ணாகப் போய்ச் சேர்வதோடு கதை அவளுக்குச் செய்ய வேண்டியதை முடித்துக்கொள்கிறது. இந்த நாவல் எனக்கு மிகப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

படி 6: இனி நீங்களே பழகுங்கள்

சுலபமானது வேண்டுமென்றால் எனிட் பிளைட்டன், 1946-ல் வந்த மாலரி டவர்ஸ் முதல் புத்தகம். மேரி-லூவின் பேனாவை உடைத்துவிட்டு, அந்தப் பழி டாரலின் மேல் விழும்படி அவள் ஷூவில் மை பூசிவிடுகிறாள் க்வெண்டலின். இங்கே தண்டிப்பது டீச்சர் இல்லை, கூடப் படிக்கிறவர்கள். எல்லோரும் சேர்ந்து காய் விட்டதுபோல் ஆகிவிடுகிறது. டாரல் முன்கோபக்காரி என்று முன்பே பெயர் எடுத்திருந்ததால் பெரும்பாலோர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் பேனாவைப் பறிகொடுத்த மேரி-லூவே அதை நம்ப மறுக்கிறாள். படி 3-ஐ இங்கே செய்து பாருங்கள், பளிச்சென்று விளங்கும்.

அப்புறம், மனசைத் தயார்படுத்திக்கொண்டு அன்டோனியா வைட்டின் 'ஃப்ராஸ்ட் இன் மே' எடுங்கள். 1933-ல் வந்த, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியின் கதை. நந்தா 9 வயதில் அங்கே சேர்கிறாள். அங்கேயே கொஞ்சம் வளர்ந்த பிறகு ரகசியமாக ஒரு நாவல் எழுதுகிறாள். அதில் பாவிகள் எல்லோரும் கடைசியில் மனம் திருந்த வேண்டும் என்பது அவள் திட்டம். ஆனால் பாவப் பகுதியை மட்டும் எழுதி முடித்திருக்கும்போது அது பிடிபடுகிறது. திருந்தும் பகுதி இன்னும் எழுதப்படவில்லை, யாரும் அதைக் கேட்கவும் தயாராக இல்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள், அப்பாவும் அவர்கள் பக்கமே நிற்கிறார். படி 4-க்கான இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்காது. நோட்டில் அந்தத் தலைப்பை மட்டும் போட்டு, கீழே காலியாக விடுங்கள்.