மனச்சோர்வு மாத்திரையை முதன்முதலாகச் சாப்பிடத் தொடங்குகிறவர்களுக்கு

குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மனச்சோர்வுக்கான சீட்டைப் பலரும் நான்காக மடித்துத்தான் நீட்டுவார்கள். பக்கத்தில் தெரிந்தவர் யாராவது நின்றால், கேட்க வந்ததைக் கேட்காமலே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: டாக்டரிடம் மறைக்காதீர்கள்

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், குடிப்பழக்கம், கர்ப்பம், வலிப்பு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று. எப்போதாவது பல நாள் தூங்காமலே அளவுகடந்த உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துக்கொண்டு இருந்ததுண்டா? அது உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அப்படியானால் இந்த மாத்திரை மட்டும் கொடுத்தால் நிலைமை முற்றிவிடக்கூடும்.

படி 2: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் போன்றவை அடிக்கடி எழுதப்படுபவை. எஸ்சிட்டலோபிராம் 5, 10, 20 மில்லிகிராம் அளவுகளில் வரும். சீட்டில் 5 இருந்து அட்டையில் 10 இருந்தால் அப்போதே கேளுங்கள்.

அதே பெயரோடு 'பிளஸ்' என்றோ வேறு ஓர் ஒட்டோ சேர்ந்திருந்தால், கூடவே குளோனசெபாம் கலந்திருக்கலாம். அது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தருவது, பழக்கமாகிவிடும் தன்மை உள்ளது. சில வாரங்களுக்கு என்று டாக்டர் தந்ததைப் பழைய அட்டையைக் காட்டிக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடமே கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளோனசெபாமோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து விளையாட வேண்டாம்.

படி 3: தினமும் ஒரே நேரம்

தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் தூக்கமாக வந்தால் இரவிலும் மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ஒரு வேளை மறந்து அன்றே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு, மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையிலேயே விடுவது நல்லது.

படி 4: முதல் சில வாரங்கள்

பலர் கைவிடுவது இங்கேதான். குமட்டல், தலைவலி, படபடப்பு எல்லாம் முதல் வாரமே வந்துவிடும். மனசு தெளிவதோ மெதுவாகத்தான். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

தலை கிறுகிறுக்கும் நாட்களில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டாம். தோட்டத்தில் இலை பறிக்கும் இயந்திரத்தையும் அந்த நாட்களில் வேறொருவர் பார்க்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, திடீர் எரிச்சல், 'நான் இல்லாவிட்டால் என்ன' என்ற பேச்சு, எதைக் கண்டாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

படி 5: எதோடு சேரக் கூடாது

குளிர் ஊர், இருமல் மருந்து இல்லாத வீடு கிடையாது. வறட்டு இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கும். அதுவும் டிரமடால் வலி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால், உடம்பில் செரட்டோனின் என்ற ரசாயனம் அளவு மீறலாம். நடுக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், தசை இறுக்கம், குழப்பம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று விற்கும் மூலிகை மாத்திரை அறவே வேண்டாம். மூலிகைதானே என்ற நினைப்பு இங்கே செல்லாது. கடையில் எந்த மருந்து வாங்கினாலும், 'நான் இதைச் சாப்பிடுகிறேன்' என்று அட்டையைக் காட்டுங்கள்.

படி 6: கையிருப்பு

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. கடைசி மாத்திரை வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர் என்றால் மட்டும் அந்த இருப்பு வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

படி 7: நிறுத்துவது

நன்றாக ஆகிவிட்டது என்று தோன்றும்போதுதான் அட்டையைத் தூக்கி வைக்க மனசு வரும். முதல் தடவை மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் சுரீரென மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். பராக்செட்டின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்துகளில் இது அதிகம். உடம்பில் வெகுநாள் தங்கும் ஃபுளுவாக்செட்டினில் குறைவு. அதனால் டாக்டர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாக இறக்குவார். நடுவில் அந்தத் தொந்தரவுகள் தலைகாட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். முந்தைய அளவுக்கே ஏற்றிவிட்டு, இன்னும் மெதுவாக இறக்கப் பார்ப்பார்.